முதலில் பார்த்ததை எழுதுங்கள்

குழந்தை வளர்ச்சி: வாசகர் கேள்வி – பதில்

(கல்லூரி மனையியல் துறையில் மனித மேம்பாட்டுப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம் முடியப்போகிறது. தினமும் பக்திப் பாடல் கேட்கச் சொல்கிறார் மாமியார். வயிற்றின் மேல் வைக்கிற ஹெட்போன் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார் கணவர். மேற்கத்திய இசை கேட்டால் குழந்தை புத்திசாலியாகப் பிறக்குமாம். நானோ வீட்டில் நடந்த ஒரு சண்டையால் போன வாரம் முழுக்க அழுதுகொண்டிருந்தேன். அதெல்லாம் உள்ளே கேட்டிருக்குமா அம்மா?
– வாசகி, தேனி

பதில்: ஹெட்போனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் அம்மா. சத்தத்தை வயிற்றோடு ஒட்டிவைத்து உள்ளே செலுத்துவதால் எந்த நன்மையும் நிரூபிக்கப்படவில்லை. அந்த இசைக் கதை 1993-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். மொசார்ட் இசையைக் கேட்ட பிறகு ஒரு குறிப்பிட்ட வகைப் புதிரைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும். கருவிலிருக்கும் குழந்தை அந்த ஆய்வில் எங்கேயும் இல்லை.

ஆனால் உங்கள் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கியிருக்கும், அது உண்மை. ஆறாம் மாதத்தை ஒட்டி ஒலிக்கு அசைவு காட்ட ஆரம்பிக்கும். பனிக்குட நீரைத் தாண்டிப் போகும்போது சொற்கள் மங்கிவிடும். குரலின் ஏற்ற இறக்கம்தான் அங்கே போய்ச் சேரும். மற்றவர்கள் குரல் வெளியிலிருந்து வருகிறது. உங்கள் குரல் மட்டும் உங்கள் உடம்பு வழியாகவும் இறங்குகிறது.

1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் செய்த சோதனையை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே மாணவிகளுக்குச் சொல்லிவிடுவேன். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில், ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்த ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். சப்புகிற வேகத்தை ஒரு விதமாக மாற்றினால் அம்மாவின் குரல் ஒலிக்கும், இன்னொரு விதமாக மாற்றினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மா குரல் வரும்படி சப்பின. பேசத் தெரியாத உயிரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது. 2009-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு, புதிதாகப் பிறந்த குழந்தைகளின் அழுகையைப் பதிவுசெய்து பார்த்தது. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை மேலேறுகிற சாயலிலும், ஜெர்மன் குழந்தைகளின் அழுகை கீழிறங்குகிற சாயலிலும் இருந்தன. இரண்டும் அந்தந்த மொழியின் ஓசைப் போக்கு.

மாமியார் சொல்கிற பாடலை உங்களுக்குப் பிடித்திருந்தால் நீங்களே முணுமுணுங்கள். பிடிக்காவிட்டால் கடைக்காரரோடு பேசுவதும் பக்கத்து வீட்டம்மாவோடு பேசுவதும் குழந்தைக்குப் போதும்.

அழுததைப் பற்றி: ஒரு வாரச் சண்டையும் அழுகையும் குழந்தையைக் கெடுத்துவிடாது. அந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கர்ப்ப கால மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. சண்டை போட்டவர்களிடமும் ஒன்று சொல்வேன். கர்ப்பிணியை அழவைத்துவிட்டு ஹெட்போன் வாங்கித் தருவது முறையல்ல.

கேள்வி: பி.எட். படிக்கிறேன். கருவறையிலிருந்து பன்னிரண்டு வயது வரை குழந்தையின் மன வளர்ச்சி ஒரு தாள். பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன், பௌல்பி என்று உளவியல் அறிஞர்களின் பெயர்களும் அவர்கள் சொன்ன நிலைகளும் வயதுகளும் குழம்புகின்றன. அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தாலும் நிற்கவில்லை. எப்படிப் படிப்பது?
– மாணவி, சங்கரன்கோவில்

பதில்: மகளே, அட்டவணையை மூடிவைத்துவிட்டு உன் தெருவில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடு. வீட்டில் அக்கா குழந்தை இருந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார். நோட்டின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பார்த்ததையும் வலப்பக்கம் நினைத்ததையும் எழுது.

எங்கள் துறையோடு ஒரு சிறு மழலையர் பள்ளி இருந்தது. அதன் திண்ணையில் மாணவிகளை உட்காரவைத்து இதைத்தான் செய்யச் சொல்வேன். முதல் வாரம் எல்லோரும் ‘பையன் கோபமாக இருந்தான்’ என்றே எழுதி வருவார்கள். அதில் பார்த்தது ஒன்றுமில்லை. ‘கையிலிருந்த கட்டையைத் தரையில் இரண்டு முறை அடித்தான், பிறகு டீச்சர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்’ என்று எழுதினால்தான் பார்த்ததாக அர்த்தம். அவன் ஏன் திரும்பிப் பார்த்தான் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ‘கோபம்’ என்று எழுதியவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. இந்தப் பழக்கம் வரச் சிலருக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. வந்த பிறகு அவர்களை யாராலும் ஏமாற்ற முடியவில்லை, புத்தகத்தாலும்கூட.

நீ மனப்பாடம் செய்கிற பியாஜே அப்படி வந்தவர்தான். சுவிட்சர்லாந்துக்காரர், 1896-இல் பிறந்தவர். நத்தை இனங்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளைச் சீர்ப்படுத்துகிற வேலை கிடைத்தது. சரியான விடைகளை எண்ணினால் போதும் என்பது வேலை. அவரோ தவறான விடைகளைப் பார்த்தார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியாகத் தவறு செய்கிறார்களே, ஏன் என்று கேட்டார். பிறகு தன் மூன்று குழந்தைகள் ஜாக்லின், லூசியன், லோரான் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து குறிப்பெடுத்தார். உன் அட்டவணையின் முதல் வரிசையில் இருக்கும் புலன் இயக்க நிலை, அதாவது குழந்தை தொட்டும் பார்த்தும் அசைந்தும் உலகத்தை அறிகிற பருவம், பெரும்பாலும் அந்த மூன்று தொட்டில்களிலிருந்து வந்தது.

இப்போது நீயே செய்து பார். ஐந்து வயதுக் குழந்தை முன்னால் ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்று. சமம் என்று குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரை அகலமான கிண்ணத்துக்கு மாற்று. எதில் அதிகம் என்று கேள். டம்ளரில்தான் அதிகம் என்று பல குழந்தைகள் சொல்லும், உயரம் கண்ணை இழுப்பதால். ஏழு எட்டு வயதுக் குழந்தையிடம் அதையே கேட்டால், ‘அதே தண்ணிதானே அக்கா’ என்று உன்னை ஒரு மாதிரி பார்க்கும். கண்ணுக்குத் தெரிவதை வைத்தே முடிவெடுக்கிற மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலைக்கும், கண்முன் உள்ள பொருள்களைப் பற்றித் தர்க்கமாக யோசிக்கிற பருப்பொருள் நிலைக்கும் இடையில் உள்ள தூரம் அந்தப் பார்வையில் இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தத் தேர்விலும் மறக்காது.

அதோடு நிற்காதே. இதே சோதனையைத் தண்ணீருக்குப் பதில் காய்களை வைத்தும் செய்வதுண்டு. ஸ்காட்லாந்தில் மகாரிகிள், டொனால்ட்சன் இருவரும் 1974-இல் அதைக் கொஞ்சம் மாற்றினார்கள். இரண்டு வரிசையில் சமமாகக் காய்களை அடுக்கி, பெரியவர் ஒரு வரிசையைக் கலைப்பதற்குப் பதிலாக, குறும்புக்கார பொம்மைக் கரடி ஒன்று ஓடிவந்து கலைத்துவிட்டது போலச் செய்தார்கள். முன்பு ‘அதிகம்’ என்று தடுமாறிய வயதுக் குழந்தைகளில் நிறையப் பேர் இப்போது ‘சமம்தான்’ என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் போலிருக்கிறது என்று குழந்தை நினைக்கிறது. பியாஜே பார்த்தது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம் முழுமையல்ல. வகுப்பறையில் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கும்போது இதை நீ நினைத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் பி.எட். பாடத்தில் முதலில் கற்பிக்க வேண்டியது இதைத்தான்.

வைகாட்ஸ்கிக்குப் பல்லாங்குழி போதும். அவரும் 1896-இல் பிறந்தவரே; காசநோயால் 37 வயதில் போய்விட்டார். ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக ஆடவிட்டுப் பார். பிறகு பத்து வயது அக்காவோடு ஆடவிடு. அக்கா எந்த இடத்தில் கையைப் பிடிக்கிறாள், எந்த இடத்தில் ‘எண்ணிப் பாரு’ என்று மட்டும் சொல்கிறாள், எங்கே ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறாள் என்று எழுது. தனியாகச் செய்ய முடியாததை உதவியோடு செய்ய முடிகிற அந்த இடைவெளியைத்தான் அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். எரிக்சனைப் பற்றிக் கடைசிக் கடிதத்துக்கான பதிலில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன், அதையும் படி.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். பிள்ளைத்தமிழில், குழந்தையைத் தளர்நடையிட்டு வரச் சொல்லும் வருகைப் பருவத்தை ஒரு வயதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். என் பேரனுக்குப் பதினான்கு மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறான், நடக்கவில்லை. எதிர் வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது. வாக்கர் வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. வாக்கர் நடையைக் கற்றுத்தருவதில்லை, விழுந்து அடிபடத்தான் வழி. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, தனியே நடக்கும் வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்திருந்தது. எதிர் வீட்டுக் குழந்தையும் உங்கள் பேரனும் அதற்குள்ளேதான் இருக்கிறார்கள். பதினெட்டு மாதம் ஆகியும் தனியே நடக்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைத்தமிழைச் சொன்னது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரை என்றும், கைகொட்டுவதைச் சப்பாணி என்றும் பிரித்துப் பார்த்த கண்கள் எவ்வளவு கூர்மையானவை! வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கை மட்டும் தளர்த்திக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஆய்வில், நூற்றில் நான்கு குழந்தைகள் தவழாமலேயே நடந்திருக்கின்றன.

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. ‘அம்மா’, ‘தா’, ‘போ’ என்று ஏழெட்டு வார்த்தைதான். செல்போனில் ஆங்கிலப் பாட்டு முழுக்கக் கேட்பாள். வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம். இரண்டு மொழியால்தான் பேச்சு வரவில்லை, ஒன்றை நிறுத்துங்கள் என்கிறார்கள்.
– வாசகி, ஓசூர்

பதில்: எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி பேச்சைத் தடுப்பதில்லை. ஆனால் இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்து ‘பால் வேணும்’ என்கிற அளவுக்காவது வந்திருக்க வேண்டும். எனவே காத்திருக்காதீர்கள். இந்த மாதமே முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறாளா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா, உங்கள் கண்ணைப் பார்க்கிறாளா என்று நாலைந்து நாள் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும். டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று யாராவது தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். இந்த வயதில் ஆறு மாதம் நீண்ட காலம்.

செல்போனைப் பற்றி ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிசியா குல் என்ற அறிஞர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கினார். நேரில் ஒருவர் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசிய குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சை வீடியோவில் கேட்ட குழந்தைகள் ஒன்றும் பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே 1984-இல் கனடாவில் வெர்க்கரும் டீஸும் இன்னொன்றைக் கண்டிருந்தார்கள். நம் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ளது போன்ற ஓர் இந்தி ஒலி வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் கண்டுபிடித்தன. ஒரு வயதை நெருங்கியபோது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. சுற்றியுள்ளவர்கள் எதைப் பேசுகிறார்களோ அதற்கு ஏற்பக் காது தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. போன் பாடுகிறது, ஆனால் குழந்தை சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்வதில்லை. அந்தப் பதிலுக்கு நீங்கள் வேண்டும்.

கேள்வி: பின்னலாடை நிறுவனத்தில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்ததும் மகனை ஊரில் என் அம்மாவிடம் விட்டேன். வாரம் ஒருமுறை போவேன். இப்போது இரண்டு வயது. தூக்கத்தில் விழித்தால் ஆச்சியைத்தான் தேடுகிறான். என்னிடம் வந்தால் அழுகிறான். அவனை நான் இழந்துவிட்டேனா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை தாயே. இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். ஆச்சியிடம் ஒட்டிக்கொண்டிருப்பது உங்கள் மகனின் மனம் நன்றாக வளர்ந்திருப்பதற்குச் சாட்சி. யாரிடமும் ஒட்டாமல் எல்லோரிடமும் ஒன்றுபோலப் போகிற இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

1964-இல் கிளாஸ்கோ நகரத்தில் ஷாஃபரும் எமர்சனும் அறுபது குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பாசம் வைத்திருந்தன. சோறூட்டியவர், துணி மாற்றியவர் என்பதைவிட, குழந்தை கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தவர் யார் என்பதுதான் முக்கியமாக இருந்தது. மேரி எய்ன்ஸ்வொர்த் 1954-இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். தன் குழந்தை எப்போது என்ன செய்யும், எதற்குச் சிரிக்கும் என்று நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த தாய்மாரின் குழந்தைகள் மனப் பாதுகாப்போடு இருந்தன என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. உங்கள் அம்மா அப்படிப்பட்டவராக இருக்கலாம். நீங்களும் ஆகலாம், இன்னும் நேரம் இருக்கிறது.

அவனைத் திருப்பூருக்கு அழைத்து வருவதானால் ஒரே நாளில் பிரித்து எடுக்காதீர்கள். முடிந்தால் அம்மாவையும் சில வாரம் கூட வந்து இருக்கச் சொல்லுங்கள். ஆச்சி பக்கத்தில் இருக்கும்போதே குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது என ஒவ்வொன்றாக நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அழுதால் ‘ஆச்சி போயிட்டா’ என்று மிரட்டாமல், ஆச்சியிடம் தினமும் போனில் பேசவிடுங்கள். அம்மாவிடம் பொறாமைப்படாதீர்கள். அவனுக்கு அன்பைக் கற்றுக்கொடுத்தவர் அவர், அதை வைத்துத்தான் உங்களிடமும் வருவான். குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டியது சட்டப்படி கட்டாயமான நிறுவனங்கள்கூட அதை ஏட்டளவில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போன தாயைக் குற்றவாளி ஆக்குகிறவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கேள்வி: நான்கு வயது மகன் பொய் சொல்லத் தொடங்கிவிட்டான். லட்டை எடுத்துவிட்டு, ‘காக்கா எடுத்துச்சு’ என்கிறான்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அவன் அறிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. 2005-இல் இந்தியா, கனடா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து இடங்களில் சோதித்தபோது, பிறர் மனம் பற்றிய இந்தப் புரிதல் எல்லா இடத்திலும் ஐந்து வயதை ஒட்டிக் கூடி வந்தது. மூன்று வயதில் வாயில் லட்டோடு ‘நான் எடுக்கலை’ என்பார்கள். இவன் ஒரு காக்காவை உள்ளே கொண்டுவந்துவிட்டான். அடிக்க வேண்டாம். ‘லட்டு வேணும்னா என்கிட்ட கேளு’ என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் நான். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா குடி, அம்மா சித்தாள் வேலை. காலை உணவுக்கு முதல் ஆளாக வருவான், மற்றபடி வாயைத் திறப்பதில்லை. மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் முடிந்துவிடும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அப்படியானால் எட்டு வயதில் நான் என்ன செய்ய முடியும்?
– ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அந்தப் பயிற்சியில் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் ஐயா. மூளையின் அளவு அந்த வயதுக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும் என்பது சரி. அதன் இணைப்புகள் சீராவதும் திட்டமிடும் திறன் முதிர்வதும் இருபது வயதைத் தாண்டியும் தொடர்கின்றன. சின்ன வயதில் இழந்ததற்கு விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ருமேனியாவின் புக்கரெஸ்டில் அநாதை இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளில், இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பல வகையில் மேலாகத் தேறினார்கள். அதனால்தான் அங்கன்வாடிக்கு ஒதுக்கும் காசைக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஆனால் ஹவாயின் கவாய் தீவில் எம்மி வெர்னர் செய்ததையும் கேளுங்கள். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை அவரும் அவருடைய குழுவும் நடுவயது வரை தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை எனப் பல துன்பங்கள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் திறமையும் அக்கறையும் உள்ள மனிதராக வளர்ந்திருந்தார். அவர்களுக்கு வாய்த்தவற்றில் ஒன்று, பெற்றோர் முடியாதபோது பற்றிக்கொள்ள ஒரு பெரியவர்: பாட்டி, அண்டை வீட்டார், பல இடங்களில் ஓர் ஆசிரியர். இன்னொன்று, பிறருக்குப் பயன்படுகிற ஒரு வேலையைப் பொறுப்பாகச் செய்யும் வாய்ப்பு.

எட்டு வயதில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த வயதில்தான் குழந்தை தன்னைப் பிறரோடு ஒப்பிட ஆரம்பிக்கிறது. ‘என்னால் முடியும்’ என்பதற்கும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பதற்கும் நடுவே நிற்கிற பருவம் என்று எரிக்சன் இதைச் சொன்னார். எனவே அவனைப் பேசவைக்க முயலாதீர்கள். முதலில் ஒரு வேலை கொடுங்கள். மணி அடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கைகழுவ வரிசையில் நிறுத்துவது. தினமும் அதே வேலை, அவன் பெயரில். செய்து முடித்ததும் ‘கெட்டிக்காரன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘நேத்து வாடியிருந்த செடி இன்னிக்கு நிமிர்ந்திருக்கு, பார்த்தியா’ என்று செய்ததைச் சொல்லுங்கள். காலை உணவை இரண்டாம் முறை கேட்டால் மறுக்காமல் பரிமாறச் சொல்லுங்கள். வகுப்பின் முன்னால் அவன் அப்பாவைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அவன் அம்மாவைச் சந்திக்க வேண்டுமானால் கூலி வெட்டு விழாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். வரும்போது குறை சொல்லாமல், அவன் செய்கிற வேலையைக் காட்டுங்கள்.

உடம்பில் காயம் கண்டாலோ, வீட்டுக்குப் போகவே பயப்பட்டாலோ, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு 1098 குழந்தைகள் உதவி எண்ணை அன்றே அழையுங்கள். சொன்னது நீங்கள்தான் என்று அந்த வீட்டுக்குத் தெரியவராது.